உள்ளே உறங்கியவன்

அறுபத்திரண்டு வயதான ஏழாம் எண் நோயாளிக்கு மார்பில் பால் சுரக்கிறது என்று நர்ஸ் பிலோமினா வந்து சொன்னபோது, டாக்டர் உமையாள் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேர்வையா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன் டாக்டர். ஜாக்கெட் மாத்தும்போது பார்த்தேன். பால்தான். நான் மூணு பெத்தவ, எனக்குத் தெரியாதா?"

உமையாள் எழுந்தாள்.

கோவைப் புறநகரில் இருந்த அந்த ஆராய்ச்சி மருத்துவமனையில் நான்கு மாதங்களாக ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. கல்லீரல் சுருங்கி, மாற்றுக் கல்லீரலும் கிடைக்காத ஏழு பேர். ஏழு பேருக்கும் 'எச்-ஏழு' என்ற மருந்து. ஏழாவது நபர் துளசிமணி. நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். வரும்போது வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, கணவர் நாச்சிமுத்துவின் தோளில் சாய்ந்து வந்தாள். இப்போது தானே எழுந்து நடக்கிறாள், இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுகிறாள். ஏழு பேரில் இப்படி மீண்டது அவள் ஒருத்திதான். ஏன் அவள் மட்டும் என்று உமையாளுக்குத் தெரியவில்லை. நோயாளி பிழைத்துக்கொண்டிருக்கும்போது யாரும் அந்தக் கேள்வியை அவசரமாகக் கேட்பதில்லை.

பால் மாதிரி ஆய்வகத்துக்குப் போனது. மாலை நான்கு மணிக்கு ஆய்வக உதவியாளர் ஜெபசீலன் கதவைத் தட்டினான்.

"மேடம், ஒரு சிக்கல். பாலில் இருக்கிற செல்லுக்குச் சாயம் போட்டேன். பச்சைப் புள்ளி எக்ஸ் குரோமோசோம். சிவப்புப் புள்ளி ஒய். பொம்பளைன்னா ரெண்டும் பச்சையா இருக்கணும்லா?"

"சிவப்பு இருக்கா?"

"பாதி செல்லுல இருக்கு."

"ஆண் செல். மாதிரியை மாத்திட்டீங்க ஜெபா."

"பாலை எந்த ஆம்பளைகிட்டே இருந்து மாத்த முடியும் மேடம்?"

அவன் சிரிக்காமல்தான் சொன்னான். உமையாள் நுண்நோக்கியில் குனிந்தாள். இருட்டில் பச்சையும் சிவப்புமாக ஜோடி ஜோடியாகப் புள்ளிகள். உயிருள்ள ஆண் செல்கள். ஒரு கிழவியின் உடம்புக்குள்.

விடை அவளுக்குத் தெரியும். மருத்துவம் படித்த யாருக்கும் தெரியும். கருவில் இருக்கும் குழந்தையின் செல்கள் சில தாயின் ரத்தத்தில் கலக்கும். பிள்ளை பிறந்த பிறகும் அவை போவதில்லை. ஈரலில், எலும்பில், மார்பில், மூளையில்கூட அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படுத்துத் தூங்கும். பல வருடம். சாகும் வரை.

எச்-ஏழு அவற்றை எழுப்பிவிட்டிருக்கிறது. பிள்ளை வந்துவிட்டதென்று நினைத்து உடம்பு பால் சுரக்கிறது.

*

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

கட்டிலில் துளசிமணி இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது விலாவின் மேல் கை வைத்திருந்தாள். சில நாட்களாகவே அப்படித்தான் உட்காருகிறாள் என்பது இப்போதுதான் உமையாளுக்கு உறைத்தது.

"பிள்ளை இல்லீங் டாக்டரம்மா. ஒண்ணே ஒண்ணு உண்டாச்சு. எட்டாம் மாசத்துல செத்துப் பொறந்துச்சுங்க. முப்பத்தி நாலு வருசம் ஆச்சு."

"ஆணா, பெண்ணா?"

"தெரியாதுங்க."

உமையாள் நிமிர்ந்தாள்.

"காட்டலீங்க. செத்துப் பொறந்ததைத் தாய்க்குக் காட்டப்படாதுன்னாங்க. பாத்தா மனசுல நின்னுக்குமாம். இவருதான் தூக்கிட்டுப் போயி, பொழுது சாயறதுக்குள்ள பொதைச்சுப்போட்டு வந்தாரு. இவரும் துணியைப் பிரிச்சுப் பாக்கலீன்னாரு."

ஜன்னலோரம் நின்றிருந்த நாச்சிமுத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது. பெரிய மீசை. பேசாத மனிதர்.

"பையன்," என்றாள் உமையாள்.

ஒரு பரிசோதனை முடிவைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்தது. நாச்சிமுத்து திரும்பவே இல்லை. ஆனால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயின.

"எப்படிங்க தெரியும்?" என்று துளசிமணி கேட்டாள், மிக மெதுவாக.

உமையாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சொல்லித்தான் ஆகவேண்டும்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் ஒரு நூல் இருக்கும்மா. டி.என்.ஏ. ரெண்டு இழை சேர்த்து முறுக்கின நூல். ஒரு செல் ரெண்டாகணும்னா அந்த நூலுக்கு நகல் எடுக்கணும். நகல் எடுக்கணும்னா முதல்ல ரெண்டு இழையையும் பிரிக்கணும். அதைப் பிரிக்கிறதுக்குன்னே ஒரு நொதி இருக்கு, ஹெலிகேஸ்னு பேரு. சின்ன மோதிரம் மாதிரி. ஒரு இழையில கோத்துக்கிட்டு ஓடும். ஓட ஓட நூல் பிரியும்."

"முன்னாடி முறுக்கு ஏறிக்குமேங்க?"

"என்ன?"

"ரெட்டை நூலை நடுவுல புடிச்சுப் பிரிச்சா, அக்கட்டால முறுக்கு ஏறிச் சுருண்டு சிக்கிக்குமுங்க. நான் மில்லுல ரெண்டு நூலைச் சேத்து முறுக்குற டப்ளிங்லதான் இருந்தேன். முப்பது வருசம் அதே ரோதனை."

உமையாள் இதை மாணவர்களுக்கு விளக்க அரைமணி நேரம் எடுத்துக்கொள்வாள். "ஏறும். அதுக்கு இன்னொரு நொதி முன்னாடியே போய், ஒரு இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, திரும்ப ஒட்டிடும்."

"முடிச்சில்லாமலா? எங்க சூப்பர்வைசர் பாத்தா காலுல விழுந்திருப்பாரு."

"வயசானா இந்த ஹெலிகேஸ் இடறும். பாதியில நிக்கும். நூல் அறுந்துபோகும், நகல் தப்பாகும். செல்லு புதுசா உண்டாகாது. அதனாலதான் உங்க ஈரல் வளரல. நாங்க குடுத்தது இடறாத ஹெலிகேஸ். உங்க செல்லு ஓடும்னு நினைச்சோம். ஆனா உங்க நூல் பழைய நூல். உங்களுக்குள்ளேயே ஒரு புது நூல் இருந்திருக்கு. முப்பத்தி நாலு வருஷமா பிரியாத நூல். மருந்து அதைப் பிடிச்சுக்கிச்சு. உங்க ஈரலைக் கட்டினது நீங்க இல்லம்மா."

வராந்தாவில் சாப்பாட்டு வண்டி உருளும் சத்தம் கேட்டது.

"அதுதாங்க," என்றாள் துளசிமணி. "விடியறதுக்குள்ள பசி எடுக்குதுங்க. எனக்கு அந்த மாதிரி என்னிக்கும் பசிச்சதில்ல. நானும் யாருக்குப் பசிக்குதோன்னு நெனைச்சுட்டிருந்தேன்."

*

மறுவாரம் ஸ்கேனில் ஈரலின் வலது ஓரத்தில் ஒரு கட்டி தெரிந்தது. எட்டு நாள் கழித்து எடுத்ததில் அது ஒன்றரை மடங்காகியிருந்தது. எழுந்த செல்கள் நிற்கத் தெரியாமல் பெருகிக்கொண்டிருந்தன. கருவுக்கு நிற்கத் தெரியாது. வளர்வது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

மாற்று மருந்து இருந்தது. ஹெலிகேஸைப் பிடித்து நிறுத்தும் மாத்திரை. எச்-ஏழு ஊறிய உடம்பில் அது எச்-ஏழைத்தான் முதலில் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் செல் பாதியில் நின்றால் இழை அறுந்து செத்துவிடும். சும்மா இருக்கும் செல்லுக்கு ஒன்றும் ஆகாது. அதாவது துளசிமணி பிழைப்பாள். அவன் போய்விடுவான்.

"வேண்டாமுங்க," என்றாள் துளசிமணி.

"அது பிள்ளை இல்லம்மா. செல்லு. புத்துநோயா மாறிட்டிருக்கு. விட்டா ஆறு மாசம்கூடத் தாங்க மாட்டீங்க."

"போன தடவை எட்டு மாசந்தானுங்க வெச்சிருந்தேன்."

"என்ன பேசறீங்க!"

"போன தடவை என்னைக் கேக்காம எடுத்துட்டுப் போயிட்டாங்க. இந்தத் தடவை நீங்க கேக்கறீங்க. கேட்டதுக்கு வேண்டாங்கறேன். தப்புங்களா?"

உமையாள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் தலைகுனிந்தார்.

இரண்டு நாள் கழித்து துளசிமணி தானாகவே சம்மதித்தாள். கையெழுத்தும் போட்டாள். உமையாளுக்கு நிம்மதியில் கண் கலங்கியது. ஏன் மனம் மாறினாள் என்று அவள் கேட்கவில்லை.

மாத்திரை காலை ஒன்று, மாலை ஒன்று. அவளுக்கு வாய் கசக்கிறது, சோறு உண்ட பிறகு நானே கொடுத்துவிடுகிறேன் என்று நாச்சிமுத்து வாங்கிக்கொள்வார். அதைச் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சள் நிறத்தில் போகும். தினமும் பாட்டில் வந்தது, செம்மஞ்சளாக. செல் செத்தாலும் கட்டி சுருங்கி ஸ்கேனில் தெரிய ஒரு மாதம் ஆகும், ஈரலில் ஊசி போட்டுச் சதை எடுத்தால் ரத்தம் நிற்காது என்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி அந்தப் பால்தான். ஐந்தாம் நாள் பால் குறைந்தது. எட்டாம் நாள் நின்றது. ஒன்பதாம் நாள் ஜெபசீலன் ஓடிவந்தான்.

"மேடம், சிறுநீர்ல ஆண் செல் வருது! நம்ம நோயாளியோட கணவர்கிட்ட முன்னாடி எடுத்து வெச்ச மாதிரியோட ஒத்துப் பார்த்தேன், ஒய் அப்படியே பொருந்துது. செத்த செல்லெல்லாம் வெளியே போகுது!"

இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். பன்னிரண்டாம் நாள் ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்து, துளசிமணியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

*

ஒரு மாதம் கழித்து அவர்கள் வந்தபோது நாச்சிமுத்து தலையில் துண்டு கட்டியிருந்தார். மீசை இல்லை. உமையாள் முதலில் அதைக் கவனிக்கவில்லை. ஸ்கேன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டி எலுமிச்சையளவு ஆகியிருந்தது.

"மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"ஒரு நாளும் தவறலீங்க," என்றார் நாச்சிமுத்து.

அப்போதுதான் அவள் அவரைப் பார்த்தாள். புருவமும் இல்லை. தாடையில் சவரக் கத்தி பட்ட சிறு காயத்தில் பிளாஸ்திரி.

"இது எப்ப வெட்டினது?"

"ஒரு மாசம் இருக்குமுங்க. ஆறவே மாட்டீங்குது."

உமையாள் எழுந்து போய் அவர் துண்டை அவிழ்த்தாள். தலை உரித்த முட்டைபோல இருந்தது. உதட்டின் உட்புறம் முழுக்கப் புண். முடி வேர், தோல், வாயின் சவ்வு, எலும்பு மஜ்ஜை. மனித உடம்பில் இரவும் பகலும் நகல் எடுத்துக்கொண்டே இருக்கும் இடங்கள். ஹெலிகேஸ் நின்றுபோனால் முதலில் சாகிற இடங்கள்.

"எத்தனை மாத்திரை சாப்பிட்டீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"எழுதிக் குடுத்தது எல்லாமுங்க."

"ஐயோ, தூக்கிப் போட்டிருக்கலாமே! நீங்க ஏன் முழுங்கினீங்க?"

"பாட்டில்ல செகப்பா வரோணுமேங்க. அது என்ற மூத்திரமுங்க. ஊட்டுக்குப் போன பொறவும் எப்ப பாட்டில் கேப்பீங்களோன்னு நிறுத்தலீங்க."

அறையில் இருந்த ஜெபசீலன் சுவரில் சாய்ந்தான். மகனின் செல் என்று கொண்டாடியது தகப்பனுடையதை. ஒய் பொருந்தாமல் எப்படி இருக்கும்?

"அப்போ பால்?" என்றாள் உமையாள். "பால் நின்னுச்சே!"

"மல்லிகைப்பூங்க," என்றாள் துளசிமணி. அவள் குரலில் குற்ற உணர்வே இல்லை. "ரெண்டு முழம் வாங்கிட்டு வரச் சொன்னேன். ஜாக்கெட்டுக்குள்ள வெச்சு இறுக்கிக் கட்டினா மூணு நாலு நாள்ல வத்திப்போகும். அப்பவும் அப்படித்தான் வத்த வெச்சாங்க. குடிக்கப் புள்ளை இல்லீல்லீங்."

கதவருகே நின்றிருந்த பிலோமினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நான் பூ வாசம் பார்த்தேன் டாக்டர். தலையில வைக்க ஆசைப்படுறாங்கன்னு சும்மா இருந்துட்டேன். எங்க ஊர்லயும் கட்டுவாங்க. எனக்குத் தோணவே இல்ல."

உமையாளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் நாச்சிமுத்துவிடம் கத்தினாள். "அவங்க உடம்புல எச்-ஏழு இருக்கு, அந்த மாத்திரை அதைப் பிடிக்கும். உங்க உடம்புல அது இல்ல. உங்களோட சொந்த ஹெலிகேஸையே பிடிச்சு நிறுத்தியிருக்கு. செத்துப்போவீங்க, தெரியுமா?"

"அது தெரியாதுங்க," என்றார் அவர் நிதானமாக. "தெரிஞ்சிருந்தாலும் தின்னிருப்பனுங்க. முப்பத்தி நாலு வருசத்துல அவ என்னைக் கேட்டது இது ஒண்ணுதான்."

துளசிமணி கணவரின் வழுக்கைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயதாகி முடி கொட்டுகிறது என்று அவர் அவளிடம் சொல்லியிருந்தாராம்.

*

ரத்தப் பரிசோதனை மோசமாக வந்தது. மஜ்ஜை காலி. வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட இல்லை. ஒரு சளி போதும், ஆள் போய்விடுவார். வேறு யாருடைய மஜ்ஜைச் செல்லாவது வேண்டும். உடன்பிறந்த ஒரே அக்காளும் இறந்துவிட்டாள். கொடையாளர் பதிவேட்டில் பொருத்தமானவர்கள் யாருமில்லை.

மூன்றாம் நாள் ஜெபசீலன் கதவருகே நின்றான். உள்ளே வரத் தயங்கினான்.

"மேடம், பாதி பொருந்தினா போதும்லா? பெத்த பிள்ளைன்னா பாதி பொருந்துமே?"

"அவருக்குத்தான் பிள்ளை இல்லையே."

"இருக்கான் மேடம்."

உமையாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அவன் துளசிமணியின் ரத்தத்தைப் பார்த்திருந்தான். எழுந்த செல்களில் ரத்தம் உண்டாக்கும் செல்களும் இருந்தன. இளசானவை. ஒருமுறைகூடச் சரியாக வாழ்ந்து பார்க்காதவை. நான்கு நாள் அவள் ரத்தத்தை இயந்திரத்தில் சுற்றவிட்டுப் பிரித்தெடுத்தால் போதுமான அளவு கிடைக்கும்.

தனி அறையில், கண்ணாடிக்குப் பின்னால் நாச்சிமுத்து படுத்திருக்க, இந்தப் பக்கம் நின்று உமையாள் துளசிமணியிடம் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. எடுத்து முடித்த மறுநாளே அவள் மாத்திரை சாப்பிட வேண்டும், நிஜமாகவே. கட்டி இனிமேல் காத்திருக்காது.

"சாப்பிட்டா என்ற ஒடம்புல ஒண்ணுமே மிஞ்சாதுங்களா?"

"மிஞ்சாது."

"அவருக்குள்ள?"

"எலும்புக்குள்ள இருப்பான். அங்கே அவனுக்குச் சரியான இடம், கட்டியா வளர மாட்டான். அவர் உடம்புல ஓடுற ரத்தம் முழுக்க அவனோடதா இருக்கும்."

துளசிமணி வலது விலாவில் இருந்த கையை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து இருமினார். சின்ன இருமல்தான். ஒரு நர்ஸ் பதறி எழுந்தாள். அதைத் துளசிமணி பார்த்தாள்.

"எடுத்துக்குங்க," என்றாள். "தூக்கிட்டுப் போனவரு அவரு. இனி அவரே வெச்சுத் தாங்கட்டும்."

படிவத்தில் கொடையாளியின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஜெபசீலன் தடுமாறிக்கொண்டு வந்து கேட்டான்.

"சென்னியப்பன்," என்றாள் துளசிமணி, யோசிக்காமல். "பையன்னா சென்னியப்பன்னு வெச்சிருந்தேன். பொண்ணுன்னா என்னன்னு ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு இருந்தோம், அதுக்குள்ள ஆயிப்போச்சு."

"வயசு?" என்று கேட்டுவிட்டு ஜெபசீலன் தானே அந்தக் கேள்வியில் சிக்கி நின்றான்.

அவன் ஒரு எண்ணைத் தட்டினான். என்ன எண் என்று உமையாள் பிறகு போய்ப் பார்க்கவும் இல்லை.

செல்களை எடுத்து முடித்த மறுநாள் காலை பிலோமினா மாத்திரையை நீட்டினாள். துளசிமணி வாங்கினாள், விழுங்கினாள், யாரும் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்று முழுக்க அவளுக்குப் பசிக்கவில்லை.

*

சோதனையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. உமையாள் எதிர்க்கவில்லை. மூன்று மாதத்தில் கட்டி வற்றிவிட்டது. அவன் தாங்கிய மாதங்களில் துளசிமணியின் சொந்த ஈரலும் கொஞ்சம் தேறியிருந்தது; எஞ்சியது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நாச்சிமுத்துவின் ரத்த வகை மட்டும் மாறிப்போனது. ஓ வகையில் பிறந்தவர், இப்போது பி. அவர் ரத்தத்தை எடுத்துப் பார்க்கும் எந்த ஆய்வகமும் இனி வேறொருவனைத்தான் காணும்.

கடைசிப் பரிசோதனைக்கு வந்த அன்று அவர் துண்டை அவிழ்த்தார். தலையில் முடி முளைத்திருந்தது. மிக மெல்லியதாக, கருப்பாக, காற்று பட்டால் அசையும்படி.

"இப்படி ஆனவங்களுக்கு முதல்ல வர்ற முடி மெத்துன்னுதான் இருக்கும்," என்று உமையாள் அவசரமாக விளக்கினாள். "அது அவரோட முடிதான்மா. ரத்தம்தான் அவனோடது. முடி இல்ல."

துளசிமணி கேட்டதாகத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவரின் பின்னால் போய் நின்றாள். உள்ளங்கையை அந்தத் தலையில் வைத்தாள். பின்னாலிருந்து முன்னால், முன்னாலிருந்து பின்னால். எத்தனை நேரம் என்று உமையாள் பார்க்கவில்லை.

"ஏனுங்," என்றாள் துளசிமணி. "அவனுக்கு முடி இருந்துச்சுங்களா?"

உமையாள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். துணியைப் பிரித்தே பார்க்கவில்லை என்று முப்பத்து நான்கு வருடமாகச் சொல்லி வந்த மனிதர். அவர் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சு," என்றார். "நெறையா. ஈரமா, நெத்தியில ஒட்டிட்டு இருந்துச்சு. நாந்தான் வெரல்ல ஒதுக்கிவுட்டேன்."

தலையில் இருந்த கை நின்றது.

"அப்புறம்?" என்றாள் துளசிமணி.